ஹொக்கிக்கு வளர்த்த தாடி

ஒரு வீட்டில் மூன்று ஆம்பிளைகள் இருந்தோம். மூவரும் அகதிகள். ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

அது அந்தக் காலத்துப் பழக்கம். புதிதாக ஒரு தமிழ் ஆளைக் கண்டால் எந்த ஊர், யாருடைய ஆள், யாருக்குப் போய்ச் சொல்லுவான் என்று மனம் கணக்குப் போடும். நானும் போட்டேன். என்னைப் பற்றியும் போட்டிருப்பார்கள்.

வீடு ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட. நிலத்துக்குக் கீழே. யன்னலில் தெருவால் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். யாரும் கதவைத் தட்டினால் முதலில் சப்பாத்தைப் பார்ப்போம். மினுக்கிய கறுப்புச் சப்பாத்து என்றால் திறப்பதில்லை. இமிக்கிரேசன் ஆட்கள் என்று பயம். ஒருமுறை அப்படி நின்றவர்கள் வேதம் சொல்ல வந்தவர்கள். பாவம், பனிக்குள் நின்றுவிட்டுப் போனார்கள்.

மூத்தவர் திருகோணமலைக்காரர். அவரை நான் அண்ணை என்பேன். மனைவியும் மகளும் ஊரில். அவருக்கு பேக்கரியில் இரவு வேலை. காலையில் வந்து, கூடத்துச் சோபாவில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பார். மற்றவர் யாழ்ப்பாணத்தில் சங்கக்கடைக் கிளாக்கராக இருந்தவர். இங்கே வந்து சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினாலும் எங்களுக்கு அவர் கிளாக்கர்தான். எதைக் கண்டாலும் அதற்குள் ஒன்று இருக்கிறது என்பார். நான் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்கினேன்.

எனக்குக் கதை குறைவு. படிப்பும் குறைவு. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரு ரெலிவிஷன். ஆட்கள் வீடு மாறுகிற நாளில் தெருவில் வைத்துவிட்டுப் போனது. படம் கறுப்பு வெள்ளை. தெளிவாக வந்தது ஒரு பிரெஞ்சுச் சனல் மட்டும். சனிக்கிழமை பின்னேரம் அதில் பனிக்கட்டி மேல் ஆடும் ஹொக்கி போகும்.

வந்த முதல் குளிரிலேயே அது என்னைப் பிடித்துவிட்டது. பாஷை தேவையில்லை. தடி, பனிக்கட்டி, வலை. உள்ளே போனால் கோல். யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்ற இடமெல்லாம் கேள்விதான். எப்ப வெளிக்கிட்டனீ, எந்தப் பாதையால் வந்தனீ, ஏன் வந்தனீ. ஹொக்கி கேட்காது.

கிளாக்கருக்கு அது பகிடி.

"உதிலை பந்து எங்கை? தடியோடை ஓடுறாங்கள், பந்தைக் காணேல்லை. காணாத பந்துக்கு உவர் கைதட்டுறார்."

ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிப்பது ஒரு கறுத்த வட்டு; எங்கள் ரெலிவிஷனில் அது தெரியாது என்பது உண்மைதான். ஓடுகிறவர்களின் முகம் திரும்புகிற பக்கத்தைப் பார்த்து நான் கண்டுபிடிப்பேன்.

பனி உருகத் தொடங்கினால் பிளேஓஃப். கப்புக்கான கடைசிச் சுற்றுகள். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்ச். நகரமே வேறு மாதிரி ஆகிவிடும். பஸ்சில் முகம் பார்க்காதவர்களும் கதைப்பார்கள். அந்த வருடம் எங்கள் நகரத்து அணி நன்றாக ஆடியது. கிடங்கில் போர்மன் சேவ் எடுப்பதை நிறுத்தினார். விளையாடுகிற சிலர் கப் கிடைக்கும்வரை சேவ் எடுப்பதில்லையாம், அதைப் பார்த்து இவரும். ஒவ்வொருவராக முழுக் கிடங்கும் நிறுத்தியது. போர்மன் என் நாடியைத் தொட்டு, விரலை ஆட்டினார். வெட்டாதே என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். எல்லோரோடும் சேர்ந்து ஒன்று செய்யச் சொல்லி அந்த ஊரில் என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

தாடி வளர்ப்பது மட்டும் எனக்குப் போதாமல் இருந்தது. எங்கள் ஆட்கள் ஒரு காரியம் கைகூட வேண்டுமென்றால் நேர்த்தி வைப்பார்கள். எனக்குத் தெரிந்த வழி அது. கப் வரும்வரை மச்சம் தொடுவதில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்பார்கள். சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து என் அக்கா ரெலிபோன் எடுத்தாள். ஞாயிறு காலை. அக்கா ஒரு லொட்ஜில் இருந்தாள். திருகோணமலையால் ஓடிவந்த சனமும் அதே லொட்ஜில் இருந்தது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று சொல்லத்தான் எடுத்தாள். அண்ணை அப்போதுதான் வேலையால் வந்து படுத்திருந்தார். எழுப்பக்கூடாது என்று ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனேன். வயர் எட்டுமட்டும் போய், கதவைச் சாத்தி, மெல்லக் கதைத்தேன்.

வெளியே வந்தபோது அண்ணை கண் திறந்தபடி கிடந்தார்.

"ஆர் தம்பி?"

"அக்கா."

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அண்ணை. படுங்கோ."

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது.

நான் உள்ளே வந்தால் கதை நிற்கும். கிளாக்கர் என் தாடியைப் பார்ப்பார், அண்ணையைப் பார்ப்பார். சோறு போட்டால் நான் பருப்பும் கீரையும் மட்டும் எடுப்பதை இருவரும் பார்ப்பார்கள். ஒருநாள் என் பையில் உடுப்பு மடிப்பு மாறியிருந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள். கோட்டுப் பொக்கற்றில் கிடந்த பஸ் ரிக்கற் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிருந்தது.

நான் என்ன நினைப்பேன்? எனக்கு அகதி வழக்கு விசாரணை வரவிருந்தது. யாரோ என்னைப் பற்றி எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் நான் அவர்களைப் பற்றி எழுதிக் கொடுப்பவன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். பாஸ்போட் கொப்பியையும் மற்றக் கடதாசிகளையும் தலையணைக்குள் வைத்து, உறையைத் தைத்தேன். நான் தைத்ததைக் கிளாக்கர் கண்டார். அதுவும் சேர்ந்தது.

அண்ணை சுற்றி வளைத்துக் கேட்கத் தொடங்கினார்.

"ஊரில எல்லாரும் சுகமா தம்பி?"

"சுகம்."

"எல்லாரும்?"

"ஓம்."

"உன்ட அக்கா இருக்கிற இடத்தில எங்கட பக்கத்துச் சனம் நிறையவாம்."

"ஓம். இருக்கினமாம்."

"ஆரையும் கண்டு கதைக்கிறவவா?"

இவர் என் அக்காவை ஏன் விசாரிக்கிறார்? "தெரியாது" என்று சொல்லிவிட்டு ரெலிவிஷனைப் போட்டேன்.

அவர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. சோபாவில் படுத்துக் கிடந்தார், நித்திரை இல்லை. சாப்பாடும் இல்லை. என்னை வேவு பார்க்க வீட்டில் நிற்கிறார் என்று நினைத்தேன். வேலையிலும் அதே நினைவு. ஒரு பெட்டி கை நழுவி விழுந்தது. போர்மன் தன் தாடியைத் தடவி, இன்றைக்கு மட்ச், கவலைப்படாதே என்பதுபோல ஏதோ சொன்னார்.

அன்று அந்தச் சுற்றின் தீர்க்கும் மட்ச். தோற்றால் வெளியே. நான் பஸ்சால் இறங்கி ஓடி வந்தேன். கதவைத் திறக்கவே மணம் அடித்தது. ஆட்டிறைச்சி. வறுத்த தூள் போட்டுப் பிரட்டிய கறி. இரண்டு நாளாக எழும்பாத மனிதர் கிரேக்கக் கடைவரை போய் இறைச்சி வாங்கி வந்து சமைத்திருந்தார்.

நான் ரெலிவிஷனைப் போட்டுவிட்டு முன்னால் இருந்தேன். இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பகுதி தொடங்கும்போது அண்ணை ஒரு கோப்பையில் சோறும் இறைச்சியும் போட்டு என் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு."

"வேண்டாம் அண்ணை. பேந்து பாப்பம்."

"பேந்து இல்ல. இப்ப சாப்பிடு."

"எனக்கு மச்சம் வேண்டாம்."

கிளாக்கர் எழும்பிப் போய் ரெலிவிஷன் சத்தத்தைக் குறைத்தார். "நான் சொன்னன்தானே" என்றார் அண்ணையிடம். "தாடி. சைவம். கதவைச் சாத்திப்போட்டு ரெலிபோன். இதுக்கு மேலை என்ன வேணும்?"

அண்ணை என் முன்னால் நிலத்தில் குந்தினார். கையில் அகப்பை இருந்தது.

"தம்பி, நான் உன்னோட கோவிக்க மாட்டன். கனநாளா ஒரு சேதியும் இல்ல. ரெலிபோன் எடுத்தா லைன் இல்ல. அதை மட்டும் சொல்லு. என்ட மனிசியா, பிள்ளையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஆட்களில் ஆம்பிளை சேவ் எடுக்காமல், மச்சம் தொடாமல் திரிந்தால் அது துடக்கு. எங்கோ ஒரு செத்தவீடு. அண்ணை என் தாடிக்குள் தன் வீட்டுச் சாவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நேரே சொல்ல மனமில்லாமல் நான் அவருக்காகத் துடக்குக் காக்கிறேன் என்று கிளாக்கர் விளக்கம் சொல்லியிருக்கிறார். என் பையைக் கிளறியது வழக்குக்காக இல்லை. அங்கே ஏதும் சேதி ஒளித்து வைத்திருக்கிறேனா என்று பார்க்க.

"அண்ணை, அப்பிடி ஒண்டும் இல்லை. இது ஹொக்கி."

கிளாக்கர் சிரித்தார். "பொய் சொல்லுறதெண்டாலும் ஒரு அளவு வேணும்."

"அம்மாளாணை. எங்கடை போர்மனும் தாடி. கிடங்கிலை எல்லாரும் தாடி. கப் எடுக்குமட்டும் சேவ் எடுக்கிறேல்லை."

"அவங்கள் வெள்ளையள்," என்றார் அண்ணை. "உனக்கென்ன?"

"எனக்கும்தான்" என்றேன்.

கிளாக்கர் விடவில்லை. "சரி, தாடி ஹொக்கிக்கு. மச்சம் விட்டது ஆருக்கு? உன்ரை போர்மனும் கீரை தின்னுறாரோ?"

"அது நான் வைச்ச நேர்த்தி."

"எந்தக் கோயிலுக்கு?"

நான் ரெலிவிஷனைக் காட்டினேன். கிளாக்கர் கையெடுத்து அதைக் கும்பிட்டார். அண்ணை சிரிக்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நம்ப விருப்பம், ஆனால் பயம். நம்பிவிட்டுப் பிறகு உண்மை தெரிந்தால் இரண்டாம் தரமும் சாகவேண்டும்.

"இப்பவே சேவ் எடுக்கிறன்" என்றேன்.

"எடு," என்றார் கிளாக்கர். "முப்பத்தொண்டு முடிஞ்சுது, அந்தியேட்டிக்கு எடுத்திட்டாய் எண்டு நினைப்பம்."

அதுவும் சரிதான். முப்பத்தோராம் நாள் சடங்கோடு துடக்குத் தாடியை எடுப்பது வழக்கம். வளர்த்தாலும் சாவு, எடுத்தாலும் சாவு.

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. கோப்பையைப் பார்த்தேன். ரெலிவிஷனைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் வலைக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம். இவ்வளவு நாள் காத்த நேர்த்தி.

துடக்குக் காக்கிறவன் இறைச்சியில் கை வைக்கமாட்டான். செத்தவர் வேறு வீட்டு ஆள் என்றாலும், முன்னுக்கு இருந்து கேட்கிறவனின் மனைவி என்றால், பொய்க்குக்கூட வைக்கமாட்டான். அது அண்ணைக்குத் தெரியும். அதற்காகத்தான் சமைத்திருக்கிறார்.

பிசைந்தேன். சாப்பிட்டேன். ஒரு துண்டு, இன்னொரு துண்டு. எலும்பை எடுத்து உறிஞ்சினேன். மஜ்ஜை வாயில் வந்து விழுந்தது. அண்ணை ஒவ்வொரு வாயையும் பார்த்தார். நான் கோப்பையை வழித்து விரலையும் நக்கினேன்.

"இன்னும் போடுங்கோ" என்றேன்.

அவர் போடவில்லை. சட்டியை இழுத்துத் தன் மடிக்குக் கிட்ட வைத்தார். மிச்சச் சோற்றை அதற்குள் கொட்டிச் சாப்பிடத் தொடங்கினார். இரண்டு நாள் பசி. மூக்கால் தண்ணீர் ஓடியது. உறைப்பு என்று சொல்லித் துடைத்தார்.

ரெலிவிஷனில் சனம் எழும்பி நின்றது. சத்தம் குறைத்திருந்தபடியால் ஒன்றும் கேட்கவில்லை.

"கோல்!" என்று கத்தினார் கிளாக்கர். அவர் ஹொக்கிக்குக் கத்தியது அதுதான் முதல் தரம். "ஆர் அடிச்சது?"

எழும்பி நின்ற சனத்தில் யாரும் கைதட்டவில்லை. எங்கள் கோல்காரன் குனிந்து நின்றான்.

"மற்றவை" என்றேன்.

அவ்வளவுதான். மிச்ச நிமிடங்களில் எங்கள் ஆட்களுக்குக் கோல் விழவில்லை. அந்த வருடம் முடிந்தது.

அண்ணை சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "தம்பி, நீ சாப்பிட்டதாலதான் தோத்தது எண்டு நினைக்கிறியா?"

"ஓம்" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். புரையேறி, கிளாக்கர் முதுகில் தட்டும்வரை சிரித்தார். அன்றிரவே வேலைக்குப் போனார். அடுத்தநாள் நான் சேவ் எடுத்தேன். கிடங்கிலும் எல்லோரும் எடுத்திருந்தார்கள். ஒருவர் முகத்தையும் ஒருவர் பார்க்கவில்லை. உண்மையில் அதுதான் செத்தவீடு.

அண்ணையின் மனைவியும் மகளும் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போயிருந்தார்கள். கோடையில் மண்டபம் முகாமிலிருந்து சேதி வந்தது. ரெலிபோனை முதலில் எடுத்தது நான். பெண்குரல் கேட்டதும் ஒன்றும் கேட்காமல் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நல்லதா கெட்டதா என்று அதில் தேடினார். நான் சிரித்துக் காட்டினேன். எனக்குச் சிரிப்பு வராது என்பது அவருக்குத் தெரியும், அதனால் இன்னும் பயந்தார். கிளாக்கர்தான் அதட்டினார்: "காதிலை வையுமன், ஐசே!"

பிறகு அவர்களை ஸ்பொன்சரில் கூப்பிட்டார். இப்போது கர்க்லாண்டில் வீடு, பேரப்பிள்ளைகள். பிள்ளைகள் என்னோடு பிரெஞ்சில் ஹொக்கி கதைப்பார்கள்.

ஆனால் அண்ணையின் சந்தேகம் முழுக்கப் போகவில்லை. ஒவ்வொரு வருடமும் பனி உருக, பிளேஓஃப் தொடங்கும் நாளில் ரெலிபோன் எடுப்பார். மட்ச் பற்றி முதலில் கேட்கமாட்டார்.

"இண்டைக்கு என்ன கறி?"

"ஆட்டிறைச்சி."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டிட்டன் அண்ணை."

"உண்மையா?"

"ஓம்."

அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு இறங்கும். அதற்காக நான் பிளேஓஃப் நாளில் இறைச்சி சாப்பிடுகிறேன். தாடியும் வளர்ப்பதில்லை.

எங்கள் அணி கப் எடுத்துக் கனகாலம். சனம் கோல்காரனைத் திட்டுகிறது, கோச்சைத் திட்டுகிறது. பஸ்சில் என்னிடமும் ஏன் என்று கேட்பார்கள். நான் தோளைக் குலுக்கிவிட்டு யன்னலைப் பார்ப்பேன்.