பீரோவுக்குள் ஒரு பொட்டலம் உப்பு

மரக்காணத்தில் டிரைவாஷ் கடை வைத்தவனிடம் ஊரே அழுக்கைத் தயங்காமல் காட்டும். ஓட்டையை மட்டும் விசேஷம் நெருங்கிய பிறகுதான் காட்டும்.

உப்புக் காவல்

உப்பளத்தில் வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா ஒரு கம்பளிக் கோட்டோடு வந்தார். மீன் வியாபாரம் செய்து, போன வருஷம் தவறிப்போன கணவருடைய கல்யாணக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டுதான் மகன் மாதா கோயிலில் தாலி கட்ட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

காலரைத் திருப்பினேன். வரிசையாக ஓட்டை, தையலோரம் அரிசி மாதிரி வெள்ளைப் புழுக்கள். பித்தளைப் பொத்தானெல்லாம் பச்சை பூத்திருந்தது. பூச்சி வராமலிருக்க, பீரோவில் கோட்டோடு ஒரு பொட்டலம் உப்பை வைத்திருக்கிறார்! உப்பு ஈரம் இழுத்துக் கசியும் என்று உப்பளத்துக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்? கேட்டால், "உப்பு போட்ட கருவாட்டுக்கே பூச்சி வர்றதில்ல, கோட்டுக்கு மட்டும் எப்பிடிப்பா வரும்?"

டியூப்லைட் வேட்டை

மறுநாள் வந்து, டியூப்லைட்டைச் சுற்றிய பூச்சிகளையெல்லாம் துடைப்பத்தால் அடித்துத் தீர்த்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். பாவம், அவை வேறு பூச்சிகள். துணியை அரிக்கிற ஜாதி வெளிச்சத்துக்கே வராது. யாரும் தொடாத மடிப்பில் முட்டையிடும். பறக்கிறது தின்னாது, புழுதான் தின்னும். வியர்வையும் குழம்புக் கறையும் பட்ட கம்பளி, பட்டு என்றால் அதற்கு விருந்து. உங்களுக்கும்தான் சொல்கிறேன்: உடுத்தியதைச் சுத்தம் செய்யாமல் பீரோவில் வைக்காதீர்கள், அவ்வப்போது எடுத்து உதறி வெயில் காட்டுங்கள்.

"ஏங்க்கா அழுக்கோட வெச்சீங்க?" என்றேன். அக்கா கோட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "தொவைச்சா அவரு வாசனை போயிடும்பா."

ஐஸ் வைத்தியம்

துவைக்காமல் புழுவைக் கொல்ல எனக்குத் தெரிந்த வழி, உறைய வைப்பது. கோட்டை பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டினேன். பெரிய ஃப்ரீசர், அக்காவின் தம்பி வேலை செய்யும் மீன் கம்பெனியில்தான் இருந்தது. கோட்டு ஒரு வாரத்துக்கும் மேல் அங்கே கிடந்தது.

கல்யாணம் நெருங்கியதும் பிரித்தேன். புழுவெல்லாம் காலி. ஆனால் கவர் எங்கோ கிழிந்து, கோட்டு முழுக்க மீன் நாற்றம்! ஓட்டையை நூலால் இழை பின்னி, டார்னிங் போட்டு மறைத்தேன். நாற்றத்தை எதைப் போட்டு மறைப்பது? பயந்துகொண்டேதான் நீட்டினேன். அக்கா கோட்டில் முகத்தைப் புதைத்தவர், நெடுநேரம் எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. "இப்பதாம்பா சரியா அவரு வாசனை வருது."

பூச்சிக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே வாசனை பிடித்துப்போனால், நடுவில் டிரைவாஷ்காரன் என்னதான் செய்வான், சொல்லுங்கள்!