நூற்றெட்டு பிளாஸ்டிக் ரோஜாக்கள்

வைகாசி மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. வானத்தில் மேகம் இல்லை. மேற்கேயிருந்து புழுதிக்காற்று; அன்று மட்டும் மூன்று முறை எழுந்து மூன்று முறை அடங்கியது. எனக்குப் பதினோரு வயது. திருச்சுழிக்குத் தெற்கே, பஸ் போகும் சாலையிலிருந்து முக்கால் மைல் உள்ளே இருக்கும் எங்கள் ஊரில் அம்மன் பொங்கல். அந்த நேரத்தில்தான் அந்த மாலை அம்மன் கழுத்தில் ஏறியது.

எங்கள் ஊரில் மாலை சாத்தும் முறை வருடத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டு மூத்த பையனின் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். மாலை வாடி, நார் இற்று, தானாக விழுகிறவரை அவன் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. யாரும் கை வைத்துக் கழற்றவும் கூடாது. எங்கள் கோயிலுக்குக் கூரை கிடையாது. அந்த வெயிலுக்குப் பூ மூன்றாம் நாள் கருகும், ஐந்தாம் நாள் விழும், ஆறாம் நாள் பையன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவான். ஏழு நாளைத் தாண்டியவன் ஒருவனும் இல்லை.

அந்த வருடம் முறை எங்களுக்கு. இரண்டு வருடமாக மழை பொய்த்து, பூ விற்ற விலையில் அப்பா மலைத்துப் போயிருந்தார். அருப்புக்கோட்டையில் வளையல், ரிப்பன், பொம்மை விற்கும் கடை வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு அட்டைப்பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். உள்ளே சிவப்பு ரோஜா மாலை. பிளாஸ்டிக் பூவை எங்கள் ஊர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.

"தண்ணியே தெளிக்க வேண்டாங்க்கா. நம்ம ஊருக்குன்னே செஞ்ச பூவு" என்றார் மாமா.

பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பூசாரி முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசந்தான் இல்ல" என்றார்.

"வாசத்துக்குப் பத்தியக் கொளுத்துங்க பூசாரி. நூத்தியெட்டுப் பூவு, எண்ணிக்கிடுங்க."

அவர் எண்ணவில்லை. நான் எண்ணினேன். நூற்றெட்டு சரியாக இருந்தது. எண்ணி முடித்த கையில் காப்பைக் கட்டினார்கள்.

ஐந்தாம் நாள் மாலை அப்படியே இருந்தது. ஏழாம் நாளும். எட்டாம் நாள் ஊரில் சிரிப்பு நின்றது. அதுவரை, "என்னலே, மாப்பிள்ளைக் காப்பா? கல்யாணம் முடிச்சுத்தான் அவுப்பியா?" என்று கேட்டுக்கொண்டிருந்த பையன்கள், என்னைக் கண்டதும் கொஞ்சம் விலகி நடந்தார்கள்.

எனக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அருப்புக்கோட்டையில் ஹாஸ்டல் வசதியுள்ள பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் வம்சத்தில் ஐந்தைத் தாண்டிப் படித்தவர் இல்லை. அந்த ஒரு காகிதத்துக்காக அப்பா நான்கு முறை பஸ் ஏறியிருந்தார். மாலை சாத்திய நாளிலிருந்து முப்பத்தைந்தாம் நாள், திங்கட்கிழமை, சேர்வதற்குக் கடைசி நாள். அதற்குள் வரவில்லையென்றால் இடம் அடுத்தவனுக்கு.

தினமும் உச்சிப்பொழுதில், பூசாரி வேப்பமரத்தடியில் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போவேன். சுற்றிலும் வேலிக்கருவை. அந்த வருடத்து வெயிலில் அதுவே இலையுதிர்த்து நின்றது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் சிவப்பாக இருந்தது அந்த மாலை ஒன்றுதான். நிழலே விழாத அந்த நேரத்தில் காற்று இல்லாமலே அது லேசாகச் சரசரக்கும். ஒரு நாள் பயத்தோடு ஒரு பூவைத் தொட்டேன். காய்ச்சல்காரன் உடம்பு போலச் சூடாகவும், அழுத்தினால் அமுங்கும்படி மெத்தென்றும் இருந்தது. விரலை எடுத்ததும் மெல்ல எழும்பி, பழையபடி ஆனது. ஒரு வண்டு வந்து பூப்பூவாக உட்கார்ந்து பார்த்தது. ஒவ்வொன்றிலும் ஏமாந்தது. கடைசியில் அம்மனின் கண்ணருகே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன். நூற்றெட்டு. மறுநாளும் நூற்றெட்டு.

ஒன்பதாம் நாள் மாமா மறுபடி வந்தார். வாசலில் வைத்தே அப்பா கேட்டார்:

"எப்ப வாடும் மாப்ள?"

"இது வாடாது மச்சான். எத்தன வருசமானாலும் அப்பிடியே இருக்கும்னு சொல்லித்தான் குடுத்தான்." முதல் பாதியை மாமா பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. காபி குடிக்காமலே அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வாடாவிட்டால் என்ன, குறைந்தால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. பத்தாம் நாள், வியாழக்கிழமை, உச்சியில் ஒரு பூவைப் பிய்த்தேன். காம்புக்குள் மெல்லிய கம்பி இருந்தது, முறுக்கினால் ஒடிந்தது. பூ கைக்கு வந்த பிறகுதான் அடுத்த கவலை. சாமி கழுத்திலிருந்து எடுத்த பூ கால் படுகிற இடத்தில் கிடக்கக் கூடாது. ஒன்று, தண்ணீரில் விட வேண்டும். இல்லையென்றால் பசுவுக்குக் கொடுக்க வேண்டும். கண்மாயில் தண்ணீர் இல்லை. ஊருணியில் இருந்த கொஞ்சத் தண்ணீரில் விட்டால் மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வீட்டில் பசு இருந்தது.

ஈரத் தவிட்டில் உருண்டை பிடித்து, நடுவே பூவை வைத்துத் தொட்டியில் போட்டேன். ஒரே வாயில் உள்ளே போயிற்று. முறைப்படி செய்துவிட்ட நிம்மதி எனக்கு.

நாளுக்கு ஒரு பூ. அதற்கு மேல் எடுத்தால் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. பதினைந்தாம் நாளே பூசாரி கண்டுகொண்டார். அவர் சந்தோஷப்பட்டதுதான் வேடிக்கை. "கொறையுது பாத்தியா? அவ மனசு எறங்குறா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அம்மா கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். பாதி நாட்களில் நான் பிய்ப்பதாக நினைக்கவே இல்லை. அம்மன்தான் என் கையால் உதிர்க்கிறாள் என்று நம்பினேன்.

இருபத்தைந்தாம் நாள் வாக்கில் பசு வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பால் வற்றியது. இடப்பக்க வயிறு மட்டும் உப்பி, விலா எலும்புகள் தெரிந்தன. உச்சிப்பொழுதில் நான் தவிட்டோடு போனால் மட்டும் தலையைத் தூக்கி என்னையே பார்க்கும். ஒரு நாள் அதன் வயிற்றில் காதை வைத்தேன். உள்ளே கோயிலில் கேட்ட அதே சரசரப்பு. பயந்து ஓடி வந்தேனே தவிர, மறுநாள் உருண்டை பிடிக்காமல் இருக்கவில்லை. முப்பதாம் நாள் புதன்கிழமை போட்ட உருண்டை இருபத்தோராவது.

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் கூடி, இவ்வளவு உதிர்ந்ததே போதும் என்று பேசி என் காப்பை அவிழ்த்துவிடுவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை பசு செத்துக் கிடந்தது. ஏதாவது தொற்று நோயா என்று ஊர் பயந்ததால், திருச்சுழியிலிருந்து மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரை அழைத்து வந்தார்கள். கண்மாய்க்கரையில் வைத்து அவர் வயிற்றைக் கிழித்தார். செரிக்காத தீனிக்கு நடுவே சிவப்பாக ஒரு பந்து. கம்பியும் இதழுமாகப் பின்னிக்கொண்டு கிடந்தது. பிரித்து வாளித் தண்ணீரில் போட்டார். கசங்கியிருந்த பூக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்தன. அப்போதுதான் பறித்தது போல இருந்தன. யாரோ ஒரு கிழவி மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

"கும்புட என்ன இருக்கு? இது பிளாஸ்டிக்கு" என்றார் கம்பவுண்டர். "செமிக்கவும் செமிக்காது, வெளியேயும் வராது. வயிறு நெறஞ்சு பட்டினியாச் செத்திருக்கு."

உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஒருவரும் காதில் வாங்கவில்லை. பூசாரி பையன்கள் நின்ற பக்கம் திரும்பினார்.

"மாடு கோயிலுக்குள்ள வரல. அப்ப, பூவ எவம்லே எடுத்தது?"

சாமி பூவைத் திருடியவனுக்கு ஊர் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். அப்போது, கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாத அப்பா பேசினார்.

"எவனும் எடுக்கல. அவ பூவ அவதான் அனுப்பிருக்கா. எம் மாட்ட வாங்கிக்கிட்டா, அவ்வளவுதான்."

பூக்களைக் கழுவி எடுத்துப் போய்க் கம்பியால் மாலையில் முடிந்தார்கள். மாலையில் இருந்தது எண்பத்தேழு, வயிற்றிலிருந்து வந்தது இருபது.

"ஒண்ணு கொறையுது" என்றார் பூசாரி.

அப்பா வேட்டி மடியை அவிழ்த்து ஒரு பூவை எடுத்துக் கொடுத்தார். "இது தொட்டிக்கிட்ட கெடந்துச்சு."

மறுபடி நூற்றெட்டு. "மால நெறஞ்சிருச்சு. இனி இதுல கை வைக்க எவனுக்குத் தைரியம் இருக்கு?" என்று பூசாரி கேட்டார். யாருக்கும் இல்லை. மறுநாள் காப்பை அவிழ்க்கும் பேச்சே எழவில்லை. அப்பா மட்டும் எழுந்து நின்று கேட்டார்:

"புள்ளைக்குப் பதிலா நான் கட்டிக்கிடலாமா?"

"கட்டலாம். ஆனா மால வாடுற மட்டும் எல்ல தாண்டக் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார் அப்பா.

திங்கட்கிழமை எல்லைக்கல் வரைக்கும் என் பெட்டியைத் தூக்கி வந்தார். அங்கேயே மாமாவிடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். சாலை வரை வந்து பஸ் ஏற்றிவிட மாட்டாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வரவில்லை. பெரியவர்களையும் காப்பு கட்டிப்போடும் என்று எனக்குத் தோன்றவில்லை; மாடு செத்த கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஸ்டலில் எனக்கு டைபாய்டு கண்டு பன்னிரண்டு நாள் படுத்திருந்தபோது அம்மா வந்தாள், அவர் வரவில்லை. நான் கணக்கு வாத்தியாராகி வேலையில் சேர்ந்த நாளுக்கு வரவில்லை. அருப்புக்கோட்டை மண்டபத்தில் நடந்த என் கல்யாணத்துக்கும் வரவில்லை. அடுத்தடுத்த வருடங்களின் நிஜப்பூ மாலைகள் அந்த ரோஜா மாலையின் மேல் ஏறி, வாடி, விழுந்தன. அடியில் அது அப்படியே இருந்தது. வெயிலில் வெளுத்து, பிறகு நொறுங்கத் தொடங்கியது. துணுக்குகள் மழையோடு ஊருணிக்கு இறங்கின. அம்மன் பீடத்து மண்ணை இன்றைக்கு அள்ளினாலும் ஒரு பிடிக்கு ஏழெட்டுத் துணுக்கு தேறும். வாடுவது வேறு, நொறுங்குவது வேறு என்று பூசாரி தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். அப்பாவும் அதை எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் அன்றைக்குச் சொன்ன பொய்யையும் பேச வேண்டியிருக்கும்.

அவருக்கு நெஞ்சுவலி என்று நான் கார் அனுப்பியபோதும் எல்லைக்கல்லில் அதை நிறுத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, ஒரு மாசி இருபதாம் தேதி இறந்துபோனார். காரியம் முடிந்த அன்று அம்மா சொன்னாள்:

"அந்தக் கடைசிப் பூவு தொட்டிக்கிட்ட கெடக்கலடா. தொட்டிக்குள்ள, தவிட்டு உருண்டைக்குள்ள இருந்துச்சு. மாடு சாகுறதுக்கு மொத நா சாயங்காலமே அவுக பாத்துட்டாக. அம்புட்டுத் தவிட்டு உருண்ட பிடிக்கிறவன் வீட்டுல வேற யாரு இருக்கா?"

கோபித்துக்கொண்டிருந்தது நான்தான். பள்ளி விடுமுறைக்கெல்லாம் மாமா கடையிலேயே தங்கிவிடுவேன். பிறகு வேலை, பிறகு பிள்ளைகள். என் கையிலிருந்து அவர் கைக்குப் போன காப்போடு அவர் அந்த ஊருக்குள் இருந்தது இருபத்திரண்டு வருடம், எட்டு மாதம், பதினொரு நாள். அத்தனை காலத்தில் நான் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே போய் அவரோடு இருந்தது, பலமுறை கூட்டிப் பார்த்துவிட்டேன், இருநூற்றுப் பதினான்கு நாள்.