நாவல்பழத்தின் சர்க்கரையும் நம்முடைய சர்க்கரையும்

1. ஃப்ரிட்ஜில் என் கையெழுத்து

நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீரங்கத்து வீட்டில், கீழ்ப் போர்ஷன் ஃப்ரிட்ஜுக்குள் ஒருநாள் காலை என் கையெழுத்தைப் பார்த்தேன். ஊதா நிறச் சாறு நிரம்பிய ஒரு பாட்டில். எங்கள் லேப் ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படம் பிடித்து அதன் லேபிளில் அப்படியே அச்சடித்திருந்தார்கள். வரிக்குக் கீழே, முப்பது வருடமாகக் காகிதம் காகிதமாகப் போட்டுவந்த அதே கோணல் கையெழுத்து: இரா. கலைச்செல்வி, சீனியர் அனலிஸ்ட்.

கீழ்ப் போர்ஷனில் இருப்பவர் சௌந்தரராஜன் மாமா. ஒரு மடத்தில் தளிகை பண்ணுகிறார். 'சமையல்' என்று சொன்னால் உடனே திருத்துவார். பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. மடத்து அடுக்களைக்குள் செருப்புப் போடக் கூடாது. மூன்று வாரத்துக்கு முன்பு கொதிகஞ்சி இடது காலில் கொட்டிவிட்டது. காயம் ஆறவில்லை. நான் லேபில் வேலை பார்ப்பதால் பாதி டாக்டர் என்று அந்த வீட்டில் ஒரு நினைப்பு. அதனால்தான் அவர் மனைவி வைதேகி மாமி என்னைக் கூப்பிட்டார்.

"சுண்டு விரல் கறுத்துண்டு வரது. கொஞ்சம் பாருங்கோ."

"மாத்திரை ஒழுங்கா போடுறாரா மாமி?"

"அதை நிறுத்தி நாப்பது நாளாச்சே. நீங்க சொன்ன ஜூஸ்தான் ரெண்டு வேளையும்."

"நான் எப்ப சொன்னேன்?"

மாமி ஃப்ரிட்ஜைத் திறந்தார். அந்த வரி இதுதான்: 'பயிரிட்ட நாவலைவிடக் காட்டு நாவலில் சர்க்கரை குறைவு.'

எழுதியவள் நான். நான் எழுதியது பழத்தின் சர்க்கரையை. மாமா படித்தது தன்னுடைய சர்க்கரையை. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். இப்போது லேபில் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வரி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2. 'காட்டு' என்றொரு விட்டமின்

தில்லை நகரில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் லேப். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மிளகாய்த்தூளில் கலப்படம், பாலில் தண்ணீர் என்று நியாயமான அயோக்கியத்தனங்கள்தான் வரும். பிறகு ஒரு கூட்டம் வர ஆரம்பித்தது. இவர்கள் கலப்படம் செய்ய மாட்டார்கள். 'காட்டு' என்ற சொல்லை மட்டும் சேர்ப்பார்கள். காட்டு நெல்லி, காட்டு களாக்காய், காட்டு இலந்தை. இந்தச் சொல்லுக்கு என்ன சத்து என்று அளக்க இன்றுவரை ஒரு கருவி வரவில்லை. வந்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

தினேஷ் அந்தக் கூட்டத்தில் ஒருவர். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். கம்பெனி பெயரில் 'வனம்' உண்டு, கழுத்தில் ருத்திராட்சம் உண்டு, காட்டுக்குள் கால் வைத்த அடையாளம் மட்டும் எங்கும் இல்லை. இரண்டு பைகளை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் பச்சமலையிலிருந்து வந்த காட்டு நாவல். இன்னொன்றில் காந்தி மார்க்கெட்டில் வாங்கிய ஒட்டு நாவல்.

"மேடம், வைல்டுதான் பெஸ்ட்னு ரிப்போர்ட் வேணும்."

"டெஸ்ட் பண்ணின பிறகு சொல்றேன் சார்."

"ரிசல்ட் தெரிஞ்சதுதானே மேடம்? நேச்சர் வேற, ஹைப்ரிட் வேற."

ரிசல்ட் தெரிந்தவர் லேபுக்கு எதற்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஓனர் சாருக்கு முகம் சுருங்கும்.

டெஸ்ட் செய்தேன். காட்டு நாவல் உருவத்தில் சிறியது. கொட்டை பெரியது, சதை கொஞ்சம், தோல் அதிகம். நாவலின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. தோலின் பங்கு கூடினால் அந்த இரண்டும் கூடித்தான் வரும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வெங்காயம் சின்னதானால் உரிக்கும் தோல் அதிகம், அவ்வளவுதான். விட்டமின் சி இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அது வேண்டுமென்றால் நெல்லிக்காயிடம் போக வேண்டும். பிரிக்ஸ், அதாவது சாற்றில் எவ்வளவு இனிப்பு கரைந்திருக்கிறது என்கிற அளவு, காட்டுப் பழத்தில் குறைவாக வந்தது. கொதிக்கவைத்து, ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனும் செய்து பார்த்தேன். அதிலும் சர்க்கரை குறைவுதான்.

இங்கேதான் என் முதல் தப்பு. காட்டு நாவல் பைக்குள் பாதிக்கு மேல் செங்காய். தோல் இன்னும் சிவப்பு, காம்போரம் வெளுப்பு. மார்க்கெட் பழமோ கன்னங்கரேல் என்று கனிந்தது. செங்காயையும் கனியையும் பக்கத்தில் வைத்து இனிப்பை ஒப்பிடுவது, பத்தாம் வகுப்புப் பையனையும் பாலர் பள்ளிப் பையனையும் ஒரே பரீட்சை எழுத விடுவதுதான். இது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஃபார்மில் 'மாதிரியின் நிலை' என்ற கட்டத்தில் வழக்கம்போல 'நல்ல நிலை' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் நல்ல நிலை என்றால் அழுகவில்லை என்று பொருள். அந்த இரண்டு சொல்லை எழுதி எழுதி, பழத்தைப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது.

ரிப்போர்ட்டை ஓனர் சார் புரட்டினார்.

"கலை, நம்பரை யாரு படிக்கிறா? கஸ்டமருக்குப் புரியற மாதிரி கீழ தமிழ்ல ஒரு வரி போட்டுக் குடுங்க. உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வருமே."

அந்தக் கடைசி வாக்கியத்தில் விழுந்தேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்குக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. ஒன்பது கட்டம், பதினெட்டு எண், ஓரத்தில் எழுத வேண்டிய நிபந்தனைகள் எல்லாவற்றையும் கசக்கி ஆறு சொல்லில் பிழிந்தேன். 'நீங்கள் கொண்டுவந்த இந்தப் பையில்' என்பதையும் விட்டுவிட்டேன். வரி அழகாக இருக்க வேண்டும் அல்லவா! தினேஷ் படித்துவிட்டு, "சூப்பர் மேடம், இது போதும்" என்றார். போதும் என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

3. பாட்டிலுக்குள் என்ன

அன்று காலைக்கே திரும்புகிறேன். மாமாவை ஆட்டோவில் ஏற்றி தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இன்சுலின் ஆரம்பித்தார். ஒரு வாரம் பார்க்கலாம், கறுப்பு மேலே ஏறினால் விரல் போகும், அதற்கும் மேலே ஏறினால் பாதம் என்றார். மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நின்னுண்டு தளிகை பண்ண முடியுமோன்னோ?"

டாக்டர் சீட்டில் அடுத்த மருந்தை எழுதினார்.

ஃப்ரிட்ஜிலிருந்து கையோடு எடுத்துவந்த பாட்டிலோடு நேராக லேபுக்குப் போனேன். ஒரு சொட்டு சாற்றை, பிரிக்ஸ் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுக் கண்ணை வைத்தேன். காட்டு நாவலும் இல்லை, ஒட்டு நாவலும் இல்லை, அல்வாக் கடைப் பாகு மாதிரி ஏறி நின்றது பிரிக்ஸ். தினேஷுக்குப் போன் போட்டேன்.

"ஜூஸ்ல என்ன சார் சேர்த்தீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். தொண்டை பிடிக்குதுன்னு கஸ்டமர்ஸ் சொன்னாங்க. கொஞ்சம் பனங்கற்கண்டு."

"அது சர்க்கரை இல்லையா?"

"மேடம், பனங்கற்கண்டு எப்படி சர்க்கரை ஆகும்? அது நேச்சுரல்!"

இதை ஒரு படித்த மனிதர் சொன்னார். எந்தக் காலேஜ் என்று கேட்டு, என் தெருப் பிள்ளைகளை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. துவர்ப்பான செங்காயைப் பிழிந்து, துவர்ப்பு போவதற்குக் கற்கண்டைக் கொட்டி, 'சர்க்கரை குறைவு' என்று என் கையெழுத்தை மேலே ஒட்டியிருக்கிறார். கடைகளுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், 'குறைவு' என்பதைக் 'குறையும்' என்று திருத்தியிருந்தார். ஒரே ஒரு எழுத்துத்தான் கூடுதல். அது அவர் எழுத்து. ஆனால் அதற்கு இடம் வைத்துக் கொடுத்தவள் நான்.

4. கேட்கவில்லையே

அந்த ஞாயிற்றுக்கிழமை துறையூர் போய், பச்சமலை பஸ் ஏறினேன். தினேஷுக்குப் பழம் பறித்துக் கொடுப்பவர் பொன்னம்மா. நாற்பது வயதிருக்கும். மரத்தடியில் சேலையை விரித்துப் பழம் உலுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பிக்குச் செங்காயாத்தான் குடுப்பீங்களா?"

"கருத்த பழம் பஸ்ஸுல திருச்சி போயிச் சேருமாங்க? துறையூரு தாண்டுறதுக்குள்ள கூடையில சாறா நிக்கும். அதனால வெளியூருக்குச் செங்காதான். கருத்ததெல்லாம் நாங்களே தின்னுருவோம்."

"அவருகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவரு கேக்கலிங்களே. போட்டோதான் புடிச்சாரு."

நானும்தான் கேட்கவில்லை. நான் போட்டோகூடப் பிடிக்கவில்லை.

அதே மரத்தின் கன்னங்கரேல் பழத்தை டப்பாவில் போட்டு, ஐஸ் வைத்து எடுத்து வந்து அன்று மாலையே பார்த்தேன். சர்க்கரை, மார்க்கெட் பழத்துக்கு ஏறக்குறைய சமம். காடும் இல்லை, தோட்டமும் இல்லை. பழுத்ததா பழுக்காததா, விஷயம் அவ்வளவுதான். மரத்துக்கு அது எங்கே நிற்கிறது என்று தெரியாது. தன் பழத்துக்கு விளம்பரம் எழுதுகிறார்கள் என்றும் தெரியாது.

திங்கட்கிழமை ஓனர் சாரிடம் திருத்திய ரிப்போர்ட்டைக் கொடுத்தேன்.

"நம்ம ரிப்போர்ட்ல தப்பு ஒண்ணும் இல்லையே கலை. அவன் லேபிள்ல போட்டா நாம என்ன பண்றது?"

"நம்பர் சரிதான் சார். வரி தப்பு. வரி என்னுது."

"ஒரு கஸ்டமர் போயிடுவான்."

"எங்க வீட்டுக் கீழ ஒருத்தருக்கு விரல் போகப்போகுது சார்."

அவர் கொஞ்சநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு பழைய ரிப்போர்ட் செல்லாது என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. நாம் சும்மா இருந்தால் தானும் சும்மாவே இருப்பவர், அவ்வளவே.

அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், மூலிகைக் கடைச் சுவரில் என் ரிப்போர்ட்டுக்குக் கண்ணாடி ஃப்ரேம் போட்டு, பக்கத்துச் சாமி படத்துக்குச் சூட்டிய சரத்தில் மிச்சத்தை இதற்கும் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அதைக் கழட்டிக் குடுங்க."

"நீங்க யாரும்மா?"

"அதுல கையெழுத்துப் போட்ட ஆளு."

கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, உக்காருங்க! எங்க அண்ணிக்கும் இதைத்தான் குடுக்கிறோம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உங்கள் அண்ணியை இன்றைக்கே மாத்திரை போடச் சொல்லுங்கள் என்று சொல்லி, நானே ஸ்டூலில் ஏறி ஃப்ரேமைக் கழற்றினேன். அந்த அம்மாள் மாத்திரை போட்டாரா என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதே இன்றும் உறுத்துகிறது.

5. இப்போது எழுதும் வரி

மாமாவுக்கு இடது கால் சுண்டு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இரண்டு மாதம் கழித்து மடத்துக்குப் போனார். அடுக்களையில் செருப்புக்கு இப்போதும் அனுமதி இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, வலது காலில் பாரத்தை வைத்து நின்றுகொண்டே தளிகை பண்ணுகிறார். தினேஷ் இப்போது காட்டுத் தேன் விற்பதாகக் கேள்வி. எந்த லேபில் எந்தக் கலைச்செல்வி அவருக்குத் தமிழில் வரி எழுதிக் கொடுக்கிறாளோ.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. மாதிரியின் நிலை என்ற கட்டத்தில் 'நல்ல நிலை' என்று எழுதாதீர்கள். செங்காய் என்றால் செங்காய் என்று எழுதுங்கள். பறித்தவரிடம் பேசுங்கள். தமிழில் ஒரு வரி கேட்டால், எழுதிவிட்டு அதை உங்கள் காதால் படிக்காதீர்கள். மாத்திரை வாங்கச் சலித்துப்போன ஒருவரின் காதால் படியுங்கள். அழகாக ஒலித்தால் அடித்துவிடுங்கள்.

நான் ஓய்வு பெறும்வரை எங்கள் லேபிலிருந்து போன ஒவ்வொரு பழ ரிப்போர்ட்டின் கீழும் ஒரு வரி போட்டேன்: 'இது பழத்தில் உள்ள சர்க்கரையின் அளவு. உங்கள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இது குறைக்காது, மருந்தை நிறுத்தாதீர்கள்.' ஓனர் சார் நீளம் என்றார். தினேஷ்கள் முகம் சுளித்தார்கள். நான் மாற்றவில்லை.

முதல் பிரதியை மாமாவிடம் காட்டினேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை, காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொதிக்கும் குழம்பில் உப்பு பார்க்கிற நிதானத்தோடு இரண்டு தடவை படித்தார்.

"நன்னா இருக்கு. இதை அப்பவே எழுதியிருந்தா, விரல் இருந்திருக்குமோன்னோ?"

"இருந்திருக்கும் மாமா" என்றேன்.