லத்தீப் காக்காவின் ஒரு பிடி நெல்

மெஜிக் லத்தீப் காக்கா மௌத்து. இன்று சுபஹுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர், ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

எழுதத் தொடங்கினால் எங்கெங்கோ போய்விடுவேன். ஆகவே முதலில் ஒழுங்கு:

1. அவர் சுத்தியல் ஓங்கிய என் கைமணிக்கூடு.
2. வித்தையின் குட்டை அவரே உடைக்கும் பழக்கம்.
3. மகளின் கல்யாணப் பேச்சோடு வித்தையை விட்டவர், பிறகு ஒன்றுமே செய்யவில்லை என்பது.

கல்முனைப் பக்கத்து இளையவர்களுக்கு அவரைத் தெரியாது. முன்பெல்லாம் பள்ளிக்கூட விழா, விளையாட்டுக் கழக விழா... எங்கேயும் கறுப்புக் கோட்டோடு ஸ்டேஜில் நிற்பார். எனக்கு அடுத்த வளவில் வீடு. கணிதம் படிப்பித்தவன்.

ஒரு பரிசளிப்பு விழாவில் என்னை மேலே கூப்பிட்டார். என் மணிக்கூட்டைக் கழற்றி, கைலேஞ்சியில் சுற்றி, சுத்தியலை எடுத்தார்.

"சேர், இது ஆரு தந்த?"

"மாமா... கலியாணத்துக்கு."

"அப்ப பயமில்ல. ஒடஞ்சா இன்னொண்டு கேளுங்க!"

சபை சிரித்தது. முன்வரிசையில் இருந்த மாமா மட்டும் சிரிக்கவில்லை. மணிக்கூடு பிறகு அதிபரின் பொக்கட்டிலிருந்து வந்தது, ஓடிக்கொண்டே.

இரண்டாவது... மெஜிக் என்றால் சிஹ்ர், சூனியம் என்று சந்தேகப்படுபவர்கள் ஊரில் இருந்தார்கள். அதனால் ஒவ்வொரு ஷோவிலும் ஒரு வித்தையைச் செய்து, எப்படிச் செய்தது என்றும் காட்டிவிடுவார். "இதுல ஜின்னுமில்ல, மந்திரமுமில்ல. கைதான். மத்ததெல்லாம் இப்பிடித்தான்."

ஒன்றை மட்டும் காட்டிக்கொடுத்ததில்லை. ஒரு பிடி நெல்லைக் கைக்குள் மூடித் திறப்பார். அரிசி.

"காக்கா, எங்கட ஊட்டையும் வாங்க, மில்லுக்குப் போகத் தேவல்ல!" என்று பின்னாலிருந்து கத்துவார்கள்.

"வாறன். உமியெல்லாம் ஒங்கட தலையில கொட்டும், பரவால்லயா?"

மகளுக்கு இறக்காமத்தில் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா வயற்காரர், போடியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பேச்சுக்கு என்னையும் இருத்தினார்கள்.

"புள்ளையப் புடிச்சிரிக்கி. ஆனா வித்தைக்காரன்ட மவள், சிஹ்ர் எண்டெல்லாம் கதைப்பாங்க. நீங்க அத விட்டா, கலியாணம்."

உள்ளே மகள் தேத்தண்ணீர்க் கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"அப்ப விட்டாச்சு, போடியார்."

லத்தீப் காக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஸ்டேஜில் கைக்குள் ஒன்றுமில்லை என்று காட்டுவாரே, அப்படி.

கோட்டைப் பிறகு நான் காணவில்லை. எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டுக்கே குடிவந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிய, போடியார் மகனைப் பார்க்க வந்து போவார். அவ்வளவுதான்.

இதுவரை காலையில் எழுதியது. பதிவாகப் போடுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டே அடக்கத்துக்குப் போனேன்.

மையவாடியில் போடியார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சேர், அவரு மேடையத்தான் விட்டாரு."

எனக்கு விளங்கவில்லை.

"ஒவ்வொரு வெள்ளியும் நான் வயல்ல இருந்து ஒரு பிடி நெல்லு கொண்டு வருவன். சோறு திண்ட பொறகு செஞ்சு காட்டுவாரு. எனக்கு மட்டும்."

"நீங்கதானே விடச் சொன்ன, போடியார்?"

"ஓம். அதாலதான் மொதல்ல கேக்க வெக்கமா இரிந்திச்சி. சிஹ்ர் இல்லெண்டு செய்ற வழியையும் காட்டித் தந்தாரு. தெரிஞ்சும் கண்ணுக்குப் புடிபடல்ல சேர்..."

பொக்கட்டில் கை விட்டார். ஒரு பிடி நெல். லத்தீப் காக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் செய்து காட்டக் கேட்பதற்கென்று எடுத்து வைத்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார்.

போய் வாருங்கள், காக்கா.

மேலே மூன்றாவதாக நான் எழுதியது பிழை.