நாலாவது தடவை கேட்டவள்

ஆர்டிஸ் ஹௌகனுக்கு ஒரு வீட்டின் சங்கதி தெரிய வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டியதில்லை. பக்கச் சுவரைப் பார்த்தால் போதும். டோவ்ரே என்கிற அவள் ஊரில் ஜனவரி மாதம் வந்துவிட்டால் நாய்கூட, இந்தக் குளிரில் குரைத்துத்தான் ஆக வேண்டுமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கும். அப்போது துணி காய்கிற வீடுகளெல்லாம் சுவர் வழியாக மூச்சு விடும். துணி உலர்த்தும் டிரையரின் காற்றுக்குழாய் வெளியே வந்து முடிகிற இடத்தில் சின்னத் தகட்டு மூடி படபடவென்று அடித்துக்கொள்ள, வெள்ளை ஆவி புகைந்து எழும்பும். அதன் கீழே பனி உருகிக் குழி விழுந்திருக்கும். சனிக்கிழமை காலையில் பார்த்தால் தெருவே வரிசையாக நின்று சுருட்டுப் பிடிப்பது போலிருக்கும்.

அந்த வரிசையில் லைல் ட்வெய்ட்டின் வீடு மட்டும் மூன்று வாரமாகப் புகைக்கவில்லை.

லைல் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். எழுபத்தொன்பது வயது. போன ஜூன் மாதம் மனைவி மாவிஸ் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். துவைக்காமல் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. அவருடைய சலவை அறை ஜன்னல் ஆர்டிஸின் சமையலறைக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே விளக்கு எரியும். இயந்திரம் சுற்றுகிற அதிர்வில் ஜன்னலோரத்துக் கண்ணாடி ஜாடி நடுங்கும். இயந்திரம் ஓடுகிறது, காற்று வெளியே வரவில்லை. அப்படியானால் அத்தனை சூடும் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

இப்படியொரு கேள்வி வந்துவிட்டால் ஆர்டிஸுக்குச் சாப்பாடு இறங்காது. அதற்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வருஷம் அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை பார்த்தவள். ஒரு மார்ச் மாதத்தில் அங்கே டிரையருக்குப் பின்னால் குழாயில் அடைந்திருந்த பஞ்சுப்பிசிறு பற்றிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாற்பது கிழவர்களும் கிழவிகளும் சக்கர நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பனியில் வரிசையாக இருந்ததை அவள் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி, "பிக்னிக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஆர்டிஸின் காதை விட்டு இறங்கவில்லை. ஓய்வு பெற்ற மறு வாரமே, வீடு வீடாகப் போய்க் குழாய் துருவ ஒரு பழைய வேனும், ஒன்றோடொன்று செருகி நீளமாக்கும் கம்புகளும், முனையில் மாட்டும் உருண்டை பிரஷ்ஷும் வாங்கினாள். மாவட்டத்தில் அவளுக்குப் பஞ்சுக்காரி என்று பெயர் வந்துவிட்டது.

அவள் உருவிய பஞ்சைப் பற்றி ஊரில் உலவும் கதைகளுக்கு நான் பொறுப்பில்லை. ஒரு பண்ணை வீட்டுக் குழாயிலிருந்து வந்ததை முற்றத்தில் போட்டபோது அந்த வீட்டு ஆடு தன் குட்டியென்று நினைத்து நக்க ஆரம்பித்தது என்பார்கள். பாதிரியார் வீட்டிலிருந்து எடுத்ததை அடைத்து ஒரு மெத்தை தைத்தார்கள் என்பார்கள். மெத்தையை நான் பார்த்ததில்லை. ஆட்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து தேவாலயத்தின் அடித்தள அறையில் ஆர்டிஸ் காபிக் கூஜாவோடு லைலிடம் போனாள்.

"காபி ஊத்தட்டுமா லைல்?"

"வேணாம் வேணாம், இப்பத்தான் குடிச்சேன்."

"அரைக் கப்பு?"

"உனக்கெதுக்குச் சிரமம்?"

"இல்லேன்னா கீழ கொட்டத்தான் போறேன்."

"கொட்டறதா இருந்தா சரி, கொஞ்சூண்டு ஊத்து," என்று காலிக் கப்பை முழுசாக நிரப்பும்படி நீட்டினார்.

டோவ்ரேயில் எல்லாமே இந்தக் கணக்குத்தான். இரண்டு தடவை மறுப்பது மரியாதை. மூன்றாவது தடவை சொல்வதுதான் மனசு. மூன்றாவதும் 'வேண்டாம்' என்றால் அது பூட்டு. அதற்குமேல் கேட்கிறவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அர்த்தம்.

ஊற்றுவதற்குக் குனிந்தபோது ஆர்டிஸின் மூக்கு விழித்துக்கொண்டது. "என்ன லைல், உங்க சட்டையில ரொட்டி கருகின வாசனை அடிக்குது?"

"டிரையர் கொஞ்சம் சூடாகுது. ஒரு துண்டு காய மூணு சுத்து ஓட்ட வேண்டியிருக்கு. அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. அவ்வளவு மோசமில்ல."

"நான் வந்து குழாயைப் பாக்கறேனே?"

"வேணாம்."

"பத்து நிமிஷ வேலை."

"உனக்கு ஆயிரம் வேலை கிடக்கு."

"நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருபது அடி, லைல். வேனைக்கூட எடுக்க வேண்டாம்."

"வேணாம், ஆர்டிஸ்," என்றார் அவர். குரலில் சிரிப்பு இல்லை. காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்த தோழி வெர்னாவிடம் போய் ஆர்டிஸ் புலம்பினாள்.

"மூணு தடவையும் கேட்டுட்டியா?" என்றாள் வெர்னா.

"கேட்டுட்டேன்."

"அப்ப முடிஞ்சுது, விடு."

"வீடு பத்திக்கிட்டா?"

"பத்திக்கிட்டா ஆறுதல் சொல்ல நாம கேக் செஞ்சு எடுத்துட்டுப் போவோம்."

"ஏண்டி, உன் புருஷன்தானே தீயணைப்புப் படைக்குத் தலைவன்? அவனை அனுப்பேன்."

"அவனா? அவனும் மூணு தடவை கேட்டுட்டு வருவான். அதுலயும் ரெண்டாவது தடவையே வெக்கப்பட்டுக்கிட்டுத் திரும்பிடுவான்."

அடுத்த நாலு நாள் ஆர்டிஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்து வெளிப்பக்கமாகப் போய்க் குழாயைத் துருவிவிடலாமா என்றுகூட நினைத்தாள். இடுப்பளவு பனி. திருடப் போனவளின் காலடி வசந்தகாலம் வரை சாட்சி சொல்லும். அதைவிட, தான் கேட்டதில் எது அவரைச் சுட்டது என்று அவளுக்குப் புரியவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம். அவள் வீட்டு வாசல் பனியை அவர்தான் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிவிட்டுப் போவார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஜாடி நடுங்கிக்கொண்டிருந்தபோதே லைல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து காரில் ஏறினார். ஆளில்லாத வீட்டில் டிரையர் ஓடுகிறது. ஆர்டிஸ் கழுத்துத் துண்டும் சுற்றாமல், தொப்பியும் போடாமல் ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

லைல் கண்ணாடியை இறக்கினார். "என்ன ஆச்சு?"

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தபால் ஆபீசுக்கு."

"உள்ள மெஷின் ஓடுதே."

"ஓடட்டும். இன்னும் ஒரு சுத்து இருக்கு."

"லைல், நான் குழாயைச் சுத்தம் பண்ணட்டுமா?"

தேவாலயத்தில் யாரோ செருப்பால் மேஜையைத் தட்டியது போல அவர் பார்த்தார். "அதை முன்னயே கேட்டுட்டியே."

"தெரியும்."

"மூணு தடவை."

"எனக்கும் எண்ணத் தெரியும். இது நாலு. அஞ்சும் கேப்பேன். இங்கயே நின்னு பிப்ரவரி வரைக்கும் கேப்பேன். என் காது உதிர்ந்தா நீங்கதான் பொறுக்கிக் குடுக்கணும்."

லைல் காரின் இன்ஜினை அணைத்தார். பிறகு, "நீ வெட்டிடுவ," என்றார்.

"எதை?"

"அக்டோபர் விருந்துல சொன்னியே. குழாய் வாயில வலை கட்டறவன் மூளையிலயும் வலைதான் இருக்கும், பாத்த இடத்துல வெட்டித் தூக்கிப் போட்டுடுவேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." அவர் மூக்கைத் துடைத்தார். "அந்த வலை மாவிஸ் கட்டினது. ஏப்ரல்ல. நிக்க முடியல அவளால. ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து கட்டினா. குருவி உள்ள போய்க் கூடு வச்சுக்கிட்டா வெந்துபோயிடும்னா. அதுக்கப்புறம் அவ கையால ஒண்ணும் செய்யல."

ஆர்டிஸுக்குக் குளிர் அப்போதுதான் உறைத்தது. அந்த நகைச்சுவையைப் பத்து வருஷமாக ஒவ்வொரு விருந்திலும் சொல்லிக்கொண்டிருந்தாள். பஞ்சு சிக்கிக்கொள்ளும், தீப்பிடிக்கும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் கட்டின கைகளை அவள் ஒரு தடவையும் நினைத்துப் பார்த்ததில்லை.

"வெட்ட மாட்டேன்," என்றாள். "முதல்ல போய் அந்த மெஷினை நிறுத்துங்க."

உள்ளே டிரையரின் மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை. ஆர்டிஸ் பிளக்கைப் பிடுங்கி இயந்திரத்தை முன்னால் இழுத்தாள். பின்னால் வெள்ளை பிளாஸ்டிக்கில் மடிப்பு மடிப்பான குழாய். ஒரு மடிப்புக்கு ஒரு பிடி பஞ்சு. ஓரிடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. அவள் அதை லைலுக்குச் சுட்டிக்காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், அவ்வளவு மோசமில்லை என்று இந்த முறை சொல்லவில்லை.

"ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில இருக்கிற பஞ்சை எடுத்துடறேனே," என்றார், குற்றம் சாட்டப்பட்டவர் போல.

"அது சரிதான். அதுக்குத் தப்பிச்சுப் போறதுதான் குழாயில உக்காரும். வருஷத்துக்கு ஒரு தடவை இதையும் பாக்கணும்."

பிறகு வெளியே போனார்கள். லைல் மண்வாரியால் பனியை ஒதுக்கினார். குழாய் வாயில் கோழிக்கூட்டு வலை, பூங்கொத்து கட்டுகிற மெல்லிய பச்சைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. அதன் பின்னால் பஞ்சு கம்பளிபோல் இறுகி அடைத்திருந்தது. தகட்டு மூடி அசையவே இல்லை. ஆர்டிஸின் இடுக்கி பையிலேயே இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் முறுக்கைப் பிரித்தாள். ஒவ்வொரு முனையிலும் ஏழு முறுக்கு. நாலு முனை.

"வேலைன்னா இப்படித்தான் பண்ணணும்," என்றாள், பல் கிட்டிக்கொண்டே. "என்ன திட்டம் போட்டுக் கட்டியிருக்கா உங்க பொண்டாட்டி! புயல் வந்தாலும் வீடுதான் போகும், வலை போகாது."

லைல் சிரித்தார். வலையைக் கோணாமல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

பிரஷ்ஷை விட்டுத் துருவியபோது பஞ்சு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு பட்டை இளஞ்சிவப்பு. "அது அவளோட அங்கி," என்றார் லைல். ஆர்டிஸ் கையை நிறுத்தினாள். "எடுத்து வைக்கட்டுமா?"

"பஞ்சை வச்சுக்கிட்டு என்ன பண்றது? குப்பையில போடு."

அவள் பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டு வழவழப்பான தகரக் குழாய் பொருத்தினாள். இணைப்பில் திருகாணி போட்டால் அதன் முனையில் பஞ்சு மாட்டும் என்று பின்புறம் பசை தடவிய தகட்டு நாடாவால் ஒட்டினாள். வெளியே, காற்று வந்தால் திறந்துகொண்டு, நின்றதும் தானே மூடிக்கொள்ளும் புது மூடி. "பஞ்சு வெளிய போகும். குருவி உள்ள போகாது," என்றாள். லைல் அதை இரண்டு தடவை விரலால் தள்ளித் திறந்து பார்த்தார். மாவிஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் போல.

டிரையரை மறுபடி ஓட விட்டு, பகல் உணவுக்கு அவர் தக்காளி சூப் டப்பாவைச் சுட வைத்தார். அவர்கள் குடித்து முடிப்பதற்குள் டிரையர் மணி அடித்து நின்றது. முப்பத்தெட்டு நிமிஷம். லைல் எழுந்து போய் அதைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"காஞ்சுபோச்சு," என்றார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. "மத்தியானம் பூரா ஓடும் இது. இனிமே அதுவும் இல்ல."

வீடு அத்தனை அமைதியாக இருந்தது. ஜன்னலோர ஜாடி அசையாமல் நின்றது. இத்தனை நாள் இந்த அமைதியை விரட்டத்தான் அவர் இயந்திரத்தைச் சுற்று மேல் சுற்றாக ஓட விட்டுக்கொண்டிருந்தார் என்று ஆர்டிஸுக்கு விளங்கியது. அதைத் துருவி எடுக்க அவளிடம் பிரஷ் இல்லை. எழுந்து போய், இயந்திரத்துக்குள்ளிருந்து சூடான படுக்கை விரிப்பை உருவி ஒரு முனையை அவர் கையில் திணித்தாள். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பு.

"பிடிங்க. மூலையை மூலைக்குள்ள விடணும்."

"எந்த மூலை?"

"அந்த மூலை. இல்ல, அது பக்கம். திருப்புங்க."

"இதுக்கு எங்க மூலை இருக்கு, ஆர்டிஸ்? எல்லாமே வயிறா இருக்கு."

"மாவிஸ் எப்படி மடிப்பா?"

"சட்டமா மடிப்பா, புஸ்தகம் மாதிரி. எப்படின்னு நான் ஒரு நாளும் பாக்கல."

மூன்று தடவை முயன்றார்கள். மூன்று தடவையும் விரிப்பு அவர்கள் கையில் பாதி பிசைந்த மாவு போல் ஆயிற்று. கடைசியில் இருவருமாக அதை உருட்டி அலமாரிக்குள் அடைத்துக் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினார்கள்.

"அடுத்த வியாழன் வெர்னாவைக் கூட்டிட்டு வரேன்," என்றாள் ஆர்டிஸ். "அவளுக்கு மடிக்கத் தெரியும்."

"வேணாம், உங்களுக்கெதுக்குச் சிரமம்," என்று லைல் ஆரம்பித்தார். பிறகு அலமாரிக் கதவைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு?"