டாக்காவுக்கு அடித்த மணி

எங்கள் மாமாவுக்கு எதையும் நிதானமாகச் செய்யத் தெரியாது. அம்மாவின் தம்பியான அவர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். தலைச்சோலை ரோட்டு வளைவில் அவர் ஹார்ன் அடித்தாலே கோழிகள் வீட்டுக்குள் ஓடிவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் ஒரு சாயங்காலம் எங்கள் சின்ன மாதா கோயிலின் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

அப்போது கிழக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. என் சித்தப்பா பட்டாளத்தில் அங்கேதான் இருந்தார். எங்கள் எஸ்டேட்டிலிருந்து சண்டைக்கு ஆள் போயிருந்தது எங்கள் வீட்டிலிருந்து மட்டும்தான். அதனால் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தனி மவுசு. சித்தப்பா டாக்காவைப் பிடிக்கப் போயிருக்கிறார் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஓர் ஊர் எப்படிச் சரணடையும் என்பதுதான் விளங்கவில்லை. ஏற்காடு சரணடைந்தால் ஏரியும் பஸ் ஸ்டாண்டும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமா என்று அப்பாவைக் கேட்டேன். போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்றார். சித்தி மட்டும் சண்டையைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கக் கிளம்பிவிடுவாள்.

திருவிழா என்றால் எங்கள் கோயில் மணி மூச்சுவிடாமல் அடிக்கும். சாவு என்றால் ஒரு அடி. அந்தச் சத்தம் முழுக்க அடங்கிய பிறகு இன்னொரு அடி. கனத்த மணி அது. கயிறு திரும்பி வரும் நேரம் பார்த்து இழுத்தால்தான் விடாமல் அடிக்கும். அந்த வாகு கோயிலைப் பார்த்துக்கொண்ட கோயில்பிள்ளைக்குத்தான் கைவரும். அவரோ அன்றைக்குக் கிறிஸ்துமஸ் சாமான் வாங்கச் சேலத்துக்கு இறங்கியிருந்தார்.

காப்பிக் களத்தில் பழம் அளந்துகொண்டிருந்தார்கள்; பள்ளிக்கூடம் விட்டு நானும் அங்கே வந்திருந்தேன். பங்களா ரேடியோவில் டாக்கா சரணடைந்த செய்தியைக் கேட்ட துரை அதை மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா நேரே கோயிலுக்கு ஓடிக் கயிற்றை இழு இழு என்று இழுத்திருக்கிறார். இழுத்த இழுப்புக்கு மணி வரவில்லை. ஒரு அடி விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று விழுந்தது.

களத்தில் எல்லோரும் கூடையை இறக்கிவைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் படுத்த படுக்கையாக அப்போது யாரும் இல்லை. எல்லோரும் சித்தியைத்தான் பார்த்தார்கள். அவள் பழக்குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். அழவில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் கடைசிவரைக்கும் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பழச்சாற்றில் பிசுபிசுவென்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாமா வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். டாக்கா விழுந்துவிட்டது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று கத்தினார். களம் முழுக்கச் சிரிப்பும் திட்டும் ஒன்றாகக் கிளம்பின. அடப்பாவி, சாவு மணியையா அடிப்பாய் என்று அம்மா அவர் முதுகில் இரண்டு போட்டாள். பங்களாவிலிருந்து எல்லோருக்கும் டீயும் பன்னும் வந்தன. சித்தி தன் பன்னை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி பழம் அளக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில்பிள்ளை மாமாவைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கோயிலில் சாவு மணி அடித்தால் அடுத்த ஞாயிறு அந்த ஆளுக்கு மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்ள வேண்டும். ஆளே இல்லாமல் மணி அடித்தால் யாருக்கு ஏற்றுவது என்று அவர் கேட்டார். சித்திதான் முன்னால் வந்து மெழுகுவத்தியை வாங்கினாள்.

“அந்த ஊர்ல செத்தவங்களுக்குன்னு வெச்சுக்குங்க,” என்றாள்.

“எந்தப் பக்கத்து ஆளுங்களுக்குங்க?”

“அதெல்லாம் எனக்கெப்படிங்க தெரியும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரிக்கும் சேர்த்தா மெழுகுவத்தி என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். சித்தி என் தலையைத் தடவிக்கொடுத்து, சும்மா வா கண்ணு என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் தந்தி வந்தது. அந்த ஊர் சரணடைவதற்குச் சில நாள் முன்பே, வழியில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் சித்தப்பா விழுந்துவிட்டாராம். உடலும் வராது என்றார்கள். கட்டிக்கொண்டு அழக்கூட ஒன்றுமில்லையே என்று அம்மா சுவரில் முட்டிக்கொண்டாள். மாமா கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

சேதி கேட்டதும் கோயில்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு மணிக்கயிற்றடிக்குப் போனார். சித்தி விறுவிறுவென்று நடந்து போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் கயிற்றை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கொக்கியில் மாட்டினாள்.

“வேண்டாங்க. அவருக்கு அன்னிக்கே அடிச்சாச்சு.”

கோயில்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. முகம் தெரியாத ஊருக்கெல்லாம் மெழுகுவத்தி ஏற்றினாள்; என் சித்தப்பாவுக்கென்று ஒரே ஒரு மணி அடிக்க விடமாட்டேன் என்கிறாளே! பொங்கல் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. இலையில் எப்போதும்போல எனக்கு இன்னொரு கை சோறு போட்டாள்.

அன்று களத்தில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் கேட்டது யாருடைய மணி என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஒரே சாவை ஒருத்தி இரண்டு தடவை கேட்கவேண்டும் என்று அடம்பிடித்த வயது அது.