காலி வரியில் அடித்த கோடு

போன செவ்வாய்க்கிழமை அல்சூரில் மெட்ரோ ஏறினேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி சாக்ஸை இறக்கிவிட்டுக் கெண்டைக்காலில் வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டாள். சுற்றி இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் நன்றாக மூச்சை இழுத்தேன். என் முதல் வேலைக்கு அந்த வாசனைதான்.

ஒரு பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். துறையின் இயக்குநர் பிலோமினா மேடம். அல்சூரில் பிறந்து, பள்ளிக்கூட மைதானத்தில் தடை ஓட்டம் ஓடத் தொடங்கி, ஒப்பந்தப் பயிற்சியாளராகப் பல வருடம் காத்திருந்து, கடைசியில் இயக்குநர் நாற்காலிக்கு வந்தவர். நாற்காலி என்பது பேச்சுக்குத்தான். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதன் முதுகில் எப்போதும் ஒரு வாலிபால் வலை காய்ந்துகொண்டிருக்கும். கோப்புகள்தான் மைதானத்துக்குப் போகும். நீளம் தாண்டும் மணல் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். மேலதிகாரிகளுக்குப் போன எங்கள் கடிதங்களை உதறினால் கொஞ்சம் மணல் விழும்.

இயக்குநராக அவர் போட்ட முதல் உத்தரவு, பெண்கள் உடை மாற்றும் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். அதற்கு முன்னால் ஒருத்தி உடை மாற்றினால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். மற்ற பல்கலைக்கழகங்களின் இயக்குநர்கள் அன்று எல்லாரும் ஆண்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர், "மேடம், தொடக்க விழா பொக்கே எல்லாம் நீங்க பாத்துக்குங்க" என்றார்.

"பாத்துக்கறேன் சார். காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் ட்ராக்க பொண்ணுங்களுக்கு விட்டுடுங்க. பூவுக்கு நானே தண்ணி ஊத்தறேன்."

ட்ராக் கிடைத்தது. பொக்கேயை மேடம் மறந்தே போனார்.

எல்லாவற்றிலும் உயர்ந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் வந்தால் விசிலைத் தூக்கி எறிவார். எறிந்த விசிலை நான்தான் புல்லில் தேட வேண்டும். யாரிடம் பேனா வாங்கினாலும் திருப்பித் தரமாட்டார். என்னுடைய பேனாக்கள் எத்தனை அவர் பையில் போயினவோ.

பேனா என்றதும் என்னுடைய பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பாவுக்கு ஹெப்பகோடியில் கம்பெனி வேலை, அம்மாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். வீட்டில் முதலில் படித்தவள் நான் என்பதால், ஏழாம் வகுப்பிலிருந்தே எங்கள் தெருவின் படிவங்களெல்லாம் என்னிடம் வரும். ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை, கேஸ் இணைப்பு எல்லாம். எனக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. காலி இடம் விடக்கூடாது. ஸ்கேல் வைத்துக் கோடு அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டுமே இருந்த வீட்டில் அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மேடத்தின் வழக்கம் இதற்கு நேர் எதிர். போட்டிப் படிவங்களில் முதலிலேயே கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்துவிடுவார். தொடர் ஓட்டப் படிவத்தில் ஆறு வரிகள் இருக்கும். நான்கு பேர் ஓட, இரண்டு பேர் மாற்று. அந்த இரண்டு வரிகளை மட்டும் காலியாகவே அனுப்பி, போட்டி நடக்கும் இடத்தில் பெண்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கடைசியில் நிரப்புவார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இரண்டு வரி காலி. ஸ்கேலை எடுத்தேன். இரண்டு அழகான கோடுகள். மேடத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு உறையை ஒட்டினேன்.

போட்டி இன்னொரு பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தது. ஆளுக்கு நானூறு மீட்டர் ஓடும் தொடர் ஓட்டத்தில் எங்கள் பெண்கள் இறுதிச் சுற்றுக்குத் தேறினார்கள். ஆனால் மூன்றாவதாக ஓடியவளுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது. மாற்றாக ஓட ரேகா தயாராக இருந்தாள். எங்கள் ஹெப்பகோடிப் பெண். கடைசி வருடம். அதுவரை ஒரு பெரிய போட்டியிலும் இறங்கியதில்லை. இந்த ஒரு ஓட்டத்துக்காக வருடம் முழுக்க முதல் பஸ் பிடித்து வந்தவள்.

மறுநாள் காலை மேடம் அவள் பெயரை எழுதப் போனபோது நானும் கூட இருந்தேன். அதிகாரி படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "கோடு அடிச்சிருக்கீங்களே மேடம். காலி வரின்னா எழுதலாம். அடிச்ச வரில எழுதக் கூடாது."

பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் சிரித்தார். "ஆபீஸ் பொண்ணு யாராவது அடிச்சிருப்பா."

வேலை போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன். மேடம் எழுந்து நின்றார். "கையெழுத்து என்னுது சார். கோடும் என்னுதுதான். அடுத்து என்ன செய்யலாம், சொல்லுங்க."

ஒரே ஒரு வழி இருந்தது. வேறு ஏதாவது போட்டிக்குப் பெயர் கொடுத்தவள் யாராவது ஓடலாம். ரேகாவின் பெயர் எதிலும் இல்லை. மிச்சம் இருந்தவள் குண்டு எறியும் ஷீலா மட்டும்தான்.

வெளியே வந்ததும் மேடம் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "ரேகா கிட்ட நீயே போய் சொல்லு. நான் சொன்னா அவளால உன் மேல கோவப்பட முடியாது."

போனேன். அவள் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் கோடு அடித்தேன் என்று சொன்னேன்.

"ஏன்க்கா அடிச்சீங்க?"

"காலியா விட்டா யாராவது எழுதிடுவாங்கன்னு."

"என் பேரத்தான எழுதியிருப்பாங்க."

அவள் அழவில்லை. கட்டிய லேஸை அவிழ்த்து, ஷூவை எடுத்துக்கொண்டு ஷீலாவிடம் போனாள். குண்டு எறிபவர்களின் ஷூவில் ஓடுவதற்கான ஆணி இருக்காது.

ஷீலா பக்கத்தில் நின்ற மேடத்திடம் அலறாத குறை. "பேடா மேடம், வேணாம். நான் ஏழடி வட்டத்துக்குள்ள வாழறவ. நானூறு மீட்டர்னா அது எந்த ஊர்ல இருக்கு?"

"எட்டு சைஸ். உனக்கு லூசா இருக்கும். ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ," என்றாள் ரேகா. "முதல் எரநூறு மெதுவா போ. வளைவுல நான் நிப்பேன்."

நின்றாள். ஷீலா வந்தபோது கயிற்றுக்கு வெளியே கூடவே ஓடினாள். நாங்கள் ஐந்தாவதாக வந்தோம். கோலைக் கொடுத்துவிட்டு ஷீலா புல்லில் மல்லாந்து படுத்து, "இனிமே யாராவது ஓடச் சொன்னா குண்டத் தூக்கி அவங்க மேல போடுவேன்" என்றாள். ரேகாவும் சிரித்தாள். சான்றிதழ்கள் ஐந்து பேருக்கு வந்தன. அவளுக்கு வரவில்லை. மேடம் மூன்று கடிதம் எழுதியும் வரவில்லை. ரேகா இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்கு வண்டி அனுப்பும் கேப் பிரிவில் வேலை செய்கிறாள். வழியில் பார்த்தால் நின்று பேசுவாள். அந்த நாளைப் பற்றி மட்டும் அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

மேடமும் பேசவில்லை. அடுத்த வாரம் நீச்சல் போட்டிக்கான படிவங்கள் என் மேஜைக்கு வந்தன. எல்லாவற்றிலும் கீழே அவர் கையெழுத்து, மேலே எல்லா வரிகளும் காலி. நான் ஸ்கேலை மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். படித்தவள் என்று என்னைப் பலர் மெச்சியிருக்கிறார்கள். ஒருவர் என்னை நம்பியது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். நான் அங்கேயே நிரந்தரமாகி, இன்று அந்தப் பிரிவையே பார்த்துக்கொள்கிறேன். மணல் குழிக்குப் போகும் கோப்பு எதுவும் இல்லை. பெயர்களை இணையதளத்தில் ஏற்றுகிறோம். ஆறு பெயரும் நிரப்பாவிட்டால் அது அடுத்த பக்கத்துக்கே போகாது. நல்லதுதான், ரேகாவுக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்காது. ஆனாலும் தவறுகள் வேறு வழியில் வருகின்றன. அப்போது யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லாரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். அச்சில் எடுத்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில், இது கணினியில் உருவானது, கையெழுத்து தேவையில்லை என்று இருக்கிறது.